அவசர சுபாவமும் முதல் சிகரெட்டும்



இஷா தொழுது வெளியே வரும்போது, பெட்டிக்கடை ஓரத்தில் நம் பிள்ளைகள் சிலர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஸலாம் சொல்வதைப் பார்க்கிறோம். "துடுக்கான பையன், அவன் குணமே அப்படி" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

குணம்தான், நாம் மறுக்கவில்லை. எதையும் உடனே செய்து பார்க்கத் துடிக்கும் பிள்ளைகளே அதிகம் சிகரெட்டைத் தொடுகிறார்கள் என்று ஆய்வாளர்களும் கூறுகிறார்கள். ஆசையை நிறுத்தி யோசிக்க வைக்கும் மூளைப் பகுதி ஏறக்குறைய 25 வயதில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. நிகோடின் அதற்கு முன்பே உள்ளே புகுந்து இடம் பிடித்துக்கொள்கிறது.

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனா வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்களைக் காணும் ஆவலில் வாகனங்களை விட்டிறங்கி விரைந்தார்கள். அஷஜ்ஜு (ரலி) அவர்கள் மட்டும் நிதானமாக நல்லுடை அணிந்து வந்தார்கள். பொறுமை, நிதானம் என்ற இரு குணங்களை அல்லாஹ் நேசிக்கிறான், அவை உம்மிடம் உள்ளன என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இவை நானாகப் பழகியவையா, இயல்பிலேயே அமைந்தவையா என்று அவர்கள் கேட்க, அல்லாஹ் அமைத்தவை என்று பதில் வந்தது (அபூதாவூத்). ஆக, சுபாவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அது கிடைக்காதவன் என்ன செய்வான்? பொறுமைக்கு முயல்பவனுக்கு அல்லாஹ் பொறுமையைத் தருவான் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறதே!

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ரமளானைப் பாருங்கள். ஏறக்குறைய 13 மணி நேரம் புகையை நெருங்காத வாலிபன், நோன்பு திறந்ததும் மூலைக்கு ஓடுகிறான். அடக்க முடியாதவனாக இருந்தால் அஸரிலேயே ஓடியிருப்பானே! புகைக்கும் வேட்கை எழுந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களில் எழுந்து போய் உளூச் செய்யச் சொல்லுங்கள்.

புகைப்பது ஹராமா, மக்ரூஹா என்று பள்ளித் திண்ணையில் வாதாடும் தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை: சிகரெட் வாங்கிவர மகனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அவன் பிடிபட்டால், எடுத்த எடுப்பில் கை ஓங்குவதும் அதே அவசரம்தான்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கோ, கல்விக்கூடங்களிலிருந்து 100 கஜத்துக்குள்ளோ சிகரெட் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பள்ளிவாசல் வக்ஃபுக் கடைகளை வாடகைக்கு விடும் முத்தவல்லிகள், ஒப்பந்தப் பத்திரத்தில் இதையும் ஒரு நிபந்தனையாக எழுதி வாங்கலாம்.