பிறக்காத பிள்ளையின் ஹக்கு

சென்ற ஆண்டு ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கியவர், ஐவேளை தொழுகையாளி. "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா" என்று ஆரம்பித்தவர், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. மூத்த மகளுக்கு நிகாஹ் நாள் குறித்தாகிவிட்டது. இந்த வேளையில் நாற்பத்தொரு வயதான மனைவி உண்டாகியிருக்கிறார். "சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பேன்? நாலு மாதம் ஆகவில்லை. அதற்குள் என்றால் கூடும் என்கிறார்களே?"

இந்த நாலு மாதக் கணக்கு நம் வீடுகளில் ஒரு வாய்பாடாகப் பரவியிருக்கிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸே இதற்கு மூலம். 120 நாட்கள் கழிந்த பின் மலக்கு அனுப்பப்பட்டு ரூஹ் ஊதப்படுகிறது என்று உலமாக்கள் அதிலிருந்து விளங்கினார்கள். அதன் பிறகு கலைப்பது ஹராம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே சச்சரவில்லை. ஆனால் அதற்கு முன் ஹலால் என்று அந்த ஹதீஸ் எங்கே சொல்கிறது?

ஹனஃபி ஃபுகஹாக்களில் ஒரு சாரார், 120 நாளுக்குள் தக்க உத்ரு இருந்தால் கூடும் என்றார்கள். அவர்கள் காட்டிய உதாரணத்தைக் கவனியுங்கள். மடியில் பால்குடிப் பிள்ளை இருக்கிறது. மறுபடி உண்டானதால் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. செவிலித்தாய் அமர்த்தத் தகப்பனுக்கு வசதியில்லை. இருக்கிற பிள்ளை மௌத்தாகிவிடுமோ என்ற அச்சம். ஓர் உயிருக்கு எதிரே இதை வைத்து நிறுத்தார்கள். சம்பந்தி வீட்டாரின் ஏளனம் அந்தத் தராசில் ஏறாது. கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் அதிகம். அந்த மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ கரு தரித்தது முதலே அதைக் குலைப்பது குற்றம், அது வளர வளரக் குற்றமும் வளர்கிறது என்று இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள்.

கணக்கிலும் பிசகுகிறோம். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். கரு தரிப்பது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆகவே 120 நாள் என்பது அவர்கள் கணக்கில் சுமார் 19 வாரம். 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் 20 வாரம் வரையும், சில நிலைமைகளில் 24 வாரம் வரையும் அனுமதிக்கின்றன. சர்க்கார் தண்டிக்காது என்பது வேறு, ஷரீஅத் பொருந்திக்கொள்ளும் என்பது வேறு. தாயின் உயிருக்கே ஆபத்து என்று நம்பகமான மருத்துவர்கள் உறுதி சொன்னால் மட்டும் மஸ்அலாவே மாறிவிடும். 1990இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, 120 நாளுக்குப் பிறகும் அந்நிலையில் அனுமதி தந்தது. அந்த வயதில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தொல்லை தரக்கூடும். ஆகவே முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள் என்றேன்.

ஃகாமித் கோத்திரத்துப் பெண்மணியின் சம்பவத்தையும் நினைவூட்டினேன். விபசாரக் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு, கர்ப்பத்தோடு வந்து நின்ற அவரை நாயகம் (ஸல்) அவர்கள் பிரசவமாகும் வரை திருப்பி அனுப்பினார்கள். பிறகு பால் மறக்கும் வரையும் அனுப்பினார்கள். பாவத்தில் உண்டான கருவுக்கே அந்த ஹக்கு இருந்தது. நிகாஹில் உண்டான பிள்ளைக்கு நாம் வெட்கத்தைக் காரணம் காட்டுகிறோம்!

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன். தலை குனிந்தார். "அவளிடம் கேட்கவில்லை ஹஜ்ரத்." சுமப்பவரிடம் கேட்காமல் என்னிடம் வந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நாலு நாள் கழித்து மீண்டும் வந்தார். மனைவி அழுதாராம், கலைக்கச் சம்மதிக்கவில்லையாம். மனைவியின் தங்கைக்கு ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லை. பிறந்ததும் அவரிடம் கொடுத்துவிடலாமா, ஆஸ்பத்திரிப் பதிவிலேயே அவர்கள் பெயரை எழுதிவிடலாமா என்று கேட்டார்.

முதல் பாதிக்கு ஆம் என்றேன், தாய் மனப்பூர்வமாகச் சம்மதித்தால். உங்கள் வீட்டிலேயே வளர்ப்பதில் எந்த இழுக்கும் இல்லை என்பதையும் சொன்னேன். இரண்டாம் பாதி கூடவே கூடாது. அஹ்ஸாப் சூராவின் 5ஆம் ஆயத்து, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன்மார் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது. ஜைது (ரலி) அவர்கள் முஹம்மதின் மகன் என்று அழைக்கப்பட்டது அதோடு நின்றது. பொய்ப் பதிவு சட்டத்திலும் குற்றம். வளர்த்தவர் சொத்தில் அந்தப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. உயிரோடிருக்கும்போது ஹிபாவாகவோ, மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத்தாகவோ கொடுக்கலாம். பெற்றவர் சொத்தில் அதன் பங்கு அப்படியே இருக்கும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி முறையாகத் தத்தெடுத்தால் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் மாறிவிடுவார்கள். ஷரீஅத்தில் நஸப் மாறாது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கார்டியனாக நியமனம் பெறுவதே நமக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

மஹ்ரம் விஷயத்தை நம் வீடுகளில் மறந்தே போகிறோம். ஆண் பிள்ளையானால் வளர்க்கும் சின்னம்மா மஹ்ரம்தான். பெண்ணானால் சின்னம்மாவின் கணவர் மஹ்ரமல்ல. அவருடைய உடன்பிறந்த சகோதரி யாரேனும் இரண்டு வயதுக்குள் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தால் அவர் பால்வழி மாமனாகிவிடுவார். ஹனஃபியில் ஒரு தடவை போதும். ஷாஃபிஈயில் ஐந்து தடவை வேண்டும். இதைக் குழந்தை தவழும் முன்பே யோசிக்க வேண்டும். வயது வந்த பிறகு வந்து கேட்டால் நான் என்ன செய்ய முடியும்?

பெண் பிள்ளைதான் பிறந்தது. மூத்தவளின் நிகாஹும் தடையின்றி நடந்தது. ஏழாம் நாளுக்கு முன் அவர் இன்னொரு கேள்வியோடு வந்தார். அகீகா யார் கொடுப்பது? கடமை தகப்பன் மீது. சகலை கொடுக்க ஆசைப்பட்டால் உங்கள் சம்மதத்தோடு கொடுக்கட்டும் என்றேன். "இல்லை ஹஜ்ரத், நானே கொடுக்கிறேன்" என்று ஆடு பார்க்கப் போய்விட்டார்.