பாத்திரம் செய்த பாபம் யாரைச் சேரும்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கற்பனையில் ஒருவன் செய்யும் தீவினை அவனைச் சேருமா என்னும் வினா நம் காலக்ஷேப கோஷ்டிகளில் எழுமானால், அது பெரும்பாலும் கனவைப் பற்றியதாகவே இருக்கும். அதற்கு ஸ்ரீபாஷ்யகாரர் தெளிவாகவே விடை அருளியுள்ளார். கனவில் காணும் பொருள்கள் ஜீவன் படைத்தவை அல்ல. அவனவன் கர்மத்துக்குத் தக்கபடி எம்பெருமானே அவற்றைப் படைக்கிறான். ஆனால் இன்றைய இளைஞர்கள் இதே வினாவை வேறொரு வாசல் வழியாகக் கொண்டு வருகிறார்கள். அங்கே கனவின் விடை உதவாது. பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களைச் சொல்லுகிறோம்.

பாகவதர்கள் பலர் இவற்றை அறிந்திருக்க மாட்டார்களாதலால் சிறிது விவரிப்போம். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை உருவாக்கி வெளியிட்டனர். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றையோர் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரத்தைச் சமைத்து, அதன் குணங்களைத் தாளில் எழுதிக்கொள்வர். 'எதிரே ஒரு குகை, என்ன செய்கிறாய்?' என்று நடத்துபவர் கேட்க, ஆடுபவர் சொல்லும் விடையே அப்பாத்திரத்தின் செயலாகும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பின்னர் இம்முறை கணினிக்கும் வந்து சேர்ந்தது.

'இது வெறும் நடிப்புதானே' என்று கடந்துவிடலாமோ? திருவரங்கத்தில் அரையர் ஸ்வாமி ஹிரண்ய வதத்தை அபிநயிக்கையில், அந்த அஸுரனின் அஹங்காரம் அவரைத் தீண்டுவதாக எவரும் நினைப்பதில்லை. ராவணனாக வேஷமிட்டவனை நாம் கண்டிப்பதுமில்லை. ஆனால் அவர்களுக்குச் செயல் முன்னமே வகுக்கப்பட்டுவிட்டது. ராவணனாக நடிப்பவன் பிராட்டியைத் தூக்கிச் செல்லாமல் திரும்பிவிட முடியாது. மேஜையில் அமர்ந்து ஆடுபவனுக்கோ திரும்பிச் செல்லும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. கிராமத்தைக் கொளுத்தலாம், கொளுத்தாமலும் போகலாம். தேர்ந்தெடுப்பவன் அவனே. நடிகனுக்கு நாம் தரும் விலக்கை இவனுக்கும் தர இயலாமைக்கு இதுவே காரணம்.

இத்தகைய மேஜைகளில் அடிக்கடி கேட்கும் சமாதானம் ஒன்றுண்டு: 'நான் செய்யவில்லை, என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்.' இதைக் கேட்டபோது வணிகவியல் பயின்ற நமக்கு, கம்பெனிச் சட்டத்தில் மறக்கவொண்ணாத ஸாலமன் வழக்கே நினைவுக்கு வந்தது. தோல் செருப்பு வியாபாரியான ஸாலமன் தம் வியாபாரத்தையே ஒரு கம்பெனியாக்கினார். அக்கம்பெனி நொடித்தது. கம்பெனி வேறு, ஸாலமன் வேறு; அதன் கடனுக்கு அவர் பொறுப்பல்லர் என்று 1896-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் அதே சட்டம், ஒருவன் மோசடிக்கு முகமூடியாகவே கம்பெனியை வைத்திருந்தால், திரையை விலக்கி உள்ளே இருப்பவனைப் பிடிக்கவும் செய்கிறது. பாத்திரத்துக்கோ கம்பெனிக்குள்ள அளவு தனித்தன்மைகூட இல்லை. அதற்கென்று சொத்தில்லை, சித்தமில்லை, நாளை அநுபவிக்கப் பலனுமில்லை. அசேதனமான ஒரு தாளின்மேல் பழியைச் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்?

நடத்துபவர்மேல் ஏற்றலாமா? அவர் இசைந்ததனால்தானே அது நடந்தது? இதே ஐயம், பன்மடங்கு பெரிய அளவில், ஸ்ரீபாஷ்யத்தின் பராயத்தாதிகரணத்தில் ஆராயப்படுகிறது. ஜீவனின் ஒவ்வொரு செயலும் ஈச்வரனின் அநுமதியால் நடக்குமாகில் பலன் ஜீவனுக்கு எப்படி ஆகும் என்பது கேள்வி. அங்கே உடையவர் காட்டும் த்ருஷ்டாந்தம் வங்கியில் பணி செய்தோர்க்கு மிக இனிக்கும். இருவருக்குப் பொதுவான பொருளை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவனது இசைவு வேண்டும். ஆனால் அந்த இசைவைக் கேட்டுப் பெற்று முயன்றவன் இவனாதலால் பலன் இவனையே சேரும். கூட்டுக் கணக்கில் இருவர் கையொப்பமும் வேண்டும். எனினும் காசோலையை எழுதி நீட்டியவன் யார் என்பதில் எந்தக் குமாஸ்தாவுக்கும் ஐயமிராது. (ஆட்டம் நடத்துபவரை ஈச்வரனோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளற்க, இசைவு என்ற ஒரு தன்மையளவிலேயே இது பொருந்தும்.)

ஆக, செயல் ஆடுபவனுடையது. ஆனால் எந்தச் செயல்? ஒருவரும் உண்மையில் சாகவில்லையே. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1985-இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் 'அல்டிமா' என்னும் கணினி ஆட்ட வரிசையில் நான்காவதை வெளியிட்டார். அரக்கனை வெல்வது அதன் நோக்கமன்று. நேர்மை, கருணை, பணிவு முதலிய எட்டுக் குணங்களில் ஆடுபவன் தேற வேண்டும். அதில் மூலிகை விற்போர் கண்பார்வையற்றவர்கள். விலையை ஆடுபவனே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் மூலிகை கிடைத்துவிடும், எவரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் ஆட்டம் அதை மௌனமாகக் குறித்துக்கொண்டு நேர்மையைக் குறைத்துவிடும். காசாளர் கூண்டில் பல்லாண்டு அமர்ந்த நமக்கு, இதை வகுத்தவரின் நுண்ணறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. எண்ணத் தெரியாத ஒரு மூதாட்டியின் முன் நோட்டுகளை எண்ணும்போது, கூண்டுக்குள் இருப்பவனுக்குத் தன்னைத் தவிர வேறு தணிக்கையாளர் இல்லை. அந்த ஆட்டத்தில் குருடன் என்றொருவன் இல்லை, அவன் இழந்த காசும் இல்லை. ஆயினும் குறைத்து வைக்கும் அந்த ஸங்கல்பம் உண்மையாகவே ஒரு மனத்தில் பிறந்தது. அம்மனத்தில் அது ருசியாக நிற்குமா, பொழுதுபோக்காகக் கரைந்துவிடுமா என்பதை ஆடியவனே அறிவான்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978-ஆம் ஆண்டு விதிநூலில் பாலடின் என்றொரு தர்மவீரன் உண்டு. அவன் அறிந்து நெறி பிறழ்ந்தால் மதகுரு ஒருவரிடம் சொல்லிப் பரிஹாரம் தேட வேண்டும். அறிந்தும் விரும்பியும் தீமையே செய்தால் அப்பதவியை அடியோடு இழப்பான். புத்திபூர்வகம் என்று நம் பெரியோர் பிரித்ததையே ஓர் ஆட்டவிதியும் பிரித்திருக்கிறது. ப்ரபந்நன் புத்திபூர்வகமாகச் செய்த உத்தராகம் என்னவாகும் என்பதில் இரு கலையாரும் வேறுபடுவர். இங்கு அதில் புகோம்.

அயல்நாட்டில் பயிலும் நம் பெயரன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். எட்டு மாதமாக நடந்த ஆட்டம் ஒன்றில் அவன் திருடன். அவன் நண்பனின் பாத்திரம், அரும்பாடுபட்டு அடைந்த வாளொன்றை இவன் பாத்திரத்திடம் அடைக்கலமாகக் கொடுத்திருந்தது. இவன் அதை இரவோடிரவாகப் பகைவர்க்கு விற்றுவிட்டான். நண்பன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனானாம்.

"தாத்தா, அவன் திருடன். திருடன் திருடினால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அவனைத் திருடன் என்று தாளில் எழுதியது யார்?"

"நான்தான்."

"அந்த வாளை உன் நண்பன் யாரை நம்பிக் கொடுத்தான்? திருடனையா, உன்னையா?"

சிறிது நேரம் அங்கிருந்து ஓசையில்லை. குகையில் வெட்டிய பூதங்களுக்காக அவன் வருந்த வேண்டியதில்லை என்பதையும் சொன்னோம். பூதத்துக்கு மனமில்லை, மேஜைக்கு எதிரே அமர்ந்திருந்தவனுக்கு உண்டு. அடைக்கலம் என்ற சொல்லை நாள்தோறும் ஓதும் குடியில் பிறந்தவன், அதை விளையாட்டிலும் எளிதாக விற்றுவிட்டானே என்பதுதான் நம்மை உறுத்தியது. அந்த வாரமே அவன் நண்பனைப் பார்த்து, 'நீ கொடுத்ததை நான் விற்றேன்' என்று சொன்னானாம். 'என் திருடன்' என்று சொல்லவில்லை.

பாத்திரம் ஏற்பது ஒன்றுமில்லாத செயல் என்பாரிடம் நாம் வைக்க விரும்பும் வாதம் இன்னும் ஒன்றுண்டு. திருவாய்மொழியில் ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியைச் சேவிப்போர் அறிவர். பராங்குச நாயகி பிரிவாற்றாமல், உலகைப் படைத்ததும் இடந்ததும் தானே என்று எம்பெருமானாகவே பேசுகிறாள். கண்ணனைப் பிரிந்த கோபியர் அவன் சேஷ்டிதங்களை அநுகரித்துத் தரித்தாற்போல என்று பூர்வாசார்யர்கள் இதற்கு வழி காட்டினர். அந்த அநுகாரத்தை நாம் வெறும் வேஷமென்று தள்ளுவதில்லை. அகத்தே நிரம்பிய காதலின் பெருக்காகவே கொள்ளுகிறோம். ஏற்ற பாத்திரம் நன்மையில் அகத்தைக் காட்டுமாகில், தீமையில் மட்டும் அது அகத்தோடு ஒட்டாத சட்டையாகிவிடும் என்று எந்த நியாயத்தால் சொல்வது?

இதற்கும் மறுமொழி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்தத் திருத்தாயாரே, இவள் பேசுவது இவள் பேச்சா, எம்பெருமான் இவளுள் ஆவேசித்துப் பேசுவதா என்று திகைக்கிறாள். ஒரு வாயிலிருந்து வரும் வார்த்தை யாருடையது என்ற கேள்வியை அவள் தீர்க்காமலே விடுகிறாள். அடுத்த விடுமுறையில் பெயரன் வரும்போது இதன் ஈட்டு அவதாரிகையை அவனுக்கு வாசித்துக் காட்ட எண்ணியுள்ளோம். அவளுக்கு அவன் என்ன விடை சொல்வான் என்று கேட்க ஆவலாயிருக்கிறோம்.