பனிக்காலத்தில் பாடிய பதிகம்

"அரையாண்டு லீவுல குடும்பத்தோட மருதமலை போறதா இருந்தோமுங்க. சின்னவனுக்குக் காய்ச்சல். இந்த மார்கழியில ஒருநாள்கூட கோயில் வாசலை மிதிக்கலைங்க" என்று கண்கலங்கினார், சரவணம்பட்டி வாசகி ஒருவர்.

அந்தச் சகோதரிக்கு, நம் கொங்கு மண்ணில் நடந்த அற்புதம் ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

7-ஆம் நூற்றாண்டு. திருஞானசம்பந்தப் பெருமான் அடியார்கள் புடைசூழத் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தார். அன்று அத்தலத்தின் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். பனிக்காலம் வந்தது, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியது. 'பனி வந்தால் இந்த நாட்டில் இது வழக்கம்தான்' என்றனர் ஊரார்.

சம்பந்தர் உருகினார். நஞ்சைக் கண்டத்தில் தாங்கிய ஈசனை நினைந்து திருநீலகண்டப் பதிகம் பாடினார். முதல் திருமுறையில் 116-ஆவது பதிகம் அது. அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டுச் சுரம் நீங்கியது என்கிறது பெரியபுராணம்.

ஒன்றைக் கவனியுங்கள். நோய் கண்டது அடியார்களுக்கு. ஆனால், 'அவர்களை' என்று சம்பந்தர் வேண்டவில்லை. 'எங்களை வினை தீண்டக் கூடாது' என்றே வேண்டுகிறார். பிறர் நோவைத் தன் நோவாக ஏற்ற பிரார்த்தனை!

எனவே சகோதரிகளே, டாக்டர் தந்த மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். மாலையில் விளக்கேற்றி, பிள்ளையின் நெற்றியில் திருநீறிட்டு, வீட்டார் எல்லோரும் அவன் அருகில் அமர்ந்து அந்தப் பதிகத்தைப் பாடுங்கள். கண்விழித்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட இரவும் மார்கழி வழிபாடுதான்.

போகியன்று வாசலில் காப்புக் கட்டும்போது, வேப்பிலையும் பூளைப்பூவும் அவன் கையாலேயே எடுத்துத் தரட்டும். மருதமலையான் காத்திருப்பான்!