மௌனம் சம்மதமாகுமா?

“மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி” என்று நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பெண்ணைக் கேளாமலே அவளது திருமணத்தைப் பேசி முடிப்பதற்கு உதவிய இவ்வாக்கியம், இன்று கிராமச் சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகங்களிலும் வந்து குடியேறியிருக்கிறது. அங்கே அதற்கு வேறு பெயர்: “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” இந்த ஏகமனதில் யாருடைய மனம் அடங்கியிருக்கிறது என்பதே நாம் ஆராய விரும்பும் கேள்வி.

வன்னியில் ஒரு குடியேற்றக் கிராமத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். பொதுக்கிணறு தோண்டப் பணம் கிடைத்திருக்கிறது. சனசமூக நிலையத்தில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம். கதிரைகளில் ஆண்கள், பின்னால், சுவரோரத்துப் பாயில் பெண்கள். அடுப்பில் உலை கொதிக்கும் நேரமாதலால் பல பெண்கள் வரவேயில்லை. பிரதான வீதியருகே கிணறு அமைவதே ஊருக்கு அழகென ஒருவர் முன்மொழிகிறார்; மற்றொருவர் வழிமொழிகிறார். “ஆருக்கும் ஆட்சேபனை உண்டோ?” என்று தலைவர் கேட்கிறார். எவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறுகிறது. நாளை அக்கிணற்றிலிருந்து குடத்தை இடுப்பில் ஏந்தி அரைக் கட்டைத் தூரம் நடக்கப் போகிறவளோ பாயில் இருந்தவள். கதிரையில் இருந்தவர் அல்லர்.

அவள் சம்மதித்தாளா?

சம்மதம் என்பது வெறும் ஓசையின்மை அன்று. ஒருவர் சம்மதித்தார் என்று நாம் சொல்ல வேண்டுமாயின், எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். மறுத்தால் தண்டனை வராது என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும். மறுப்பினால் முடிவு மாறக்கூடும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். பாயில் இருந்தவளுக்கு இவற்றுள் எது இருந்தது? கதிரையில் வீற்றிருப்பவர் அவளது கணவனின் தமையன். நாளை வீட்டுத்திட்டப் படிவத்திற்குச் சிபாரிசு செய்யப் போகிறவரும் அவரே. வாய் திறந்தால் ‘வாயாடி’ என்ற பட்டம் காத்திருக்கிறது. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவளாயின் அப்பட்டம் இன்னும் கொடியதாக அமையும். இவற்றையெல்லாம் கணக்கிட்டே அவள் மௌனம் சாதிக்கிறாள். அந்தக் கணக்கையே நாம் சம்மதமென எழுதிவைக்கிறோம்.

இந்த வாதம் நமக்குப் புதியதன்று. வடபகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவும் கிணற்றுக் கட்டும் தேநீர்க்கடை ஆசனமும் மறுக்கப்பட்ட காலத்தில், “அவர்கள் கேட்கவில்லையே, வழமையோடு திருப்தியாகத்தானே வாழ்கிறார்கள்” என்று உயர்சாதியினர் சொன்னதுண்டு. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அந்தத் ‘திருப்தி’ எத்தகையது என்பதை உலகறியச் செய்தன. அன்று அடக்கப்பட்டோரின் மௌனத்தைச் சம்மதமென ஏற்க மறுத்த முற்போக்காளர், தம் வீட்டுப் பெண்ணின் மௌனத்தை மாத்திரம் ஏற்றுக்கொள்வது எந்த நீதியின்பாற்பட்டது?

இலங்கைப் பெண்ணுக்கு உரிமை இல்லாமலில்லை என்று சிலர் கூறுவர். உண்மையே. 1931இலேயே ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். அதற்கு முந்திய ஆண்டில், 1930இல், கிராமப் பெண்களை அணிதிரட்ட மேரி இரட்ணம் அம்மையார் லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரையும் இந்நாடு கண்டது. ஆயினும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் தொகை பல்லாண்டுகளாக 2 சதவீதத்தை எட்டவில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 25 சதவீத ஒதுக்கீட்டை விதித்த பின்னரே, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அது ஐந்திலொரு பங்கைத் தாண்டியது. ‘பெண்களுக்கு ஆர்வமில்லை’ என்ற பழைய சாட்டு எவ்வளவு போலியானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கதவு திறந்தது, அவர்கள் உள்ளே வந்தனர்.

ஆனால் பிரதேச சபைக்குக் கீழே, கிராமத்தின் அன்றாடத் தீர்மானங்கள் பிறக்கும் இடங்களில், கதவு இன்னும் ஒருக்களித்தே இருக்கிறது. இதன் வேர் மண்ணில் இருக்கிறது. கமக்காரர் அமைப்பில், காணி எவர் பெயரிலோ அவரே அங்கத்தவர் என்பது பெருவழக்கு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்தாளர் நியமிக்கப்படாத குடியேற்றக் காணியின் வாரிசுரிமையில் மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. 2022இலேதான் அது திருத்தப்பட்டது. ஆகவே நாற்று நட்டவளும் களை பிடுங்கியவளும், குளத்து நீரைத் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் போகக் கூட்டத்திற்கு அந்நியராயினர். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், சீதனமாகப் பெற்ற காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறவேண்டுமென்பது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆணின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பெண்ணின் சம்மதத்திற்கு மௌனமே போதும்! நமது சமுதாயத்தின் அறநூலை இவ்விரு வரிகளில் அடக்கிவிடலாம்.

மாதர் சங்கங்கள் தனியே இருக்கின்றனவே எனலாம். இருக்கின்றன, அவற்றின் தொண்டை நாம் குறைத்து மதிப்பவர்களல்லர். எனினும் வீதியும் வாய்க்காலும் பொதுப்பணமும் ஆண்களின் சங்கத்திற்கு, தையல் வகுப்பும் பாலர் பாடசாலையும் மாதர் சங்கத்திற்கு என்ற பிரிவினை, அடுக்களைச் சுவரைச் சற்றே வெளியே தள்ளிக் கட்டியது போன்றதேயாகும்.

பெண்களைக் கேட்டால் கிணறு நல்ல இடத்தில் அமையும் என்று வாதிடுவோரும் உளர். அமையக்கூடும். ஆனால் நமது வாதம் அதுவன்று. அவர்களும் தவறான இடத்தைத் தெரிவு செய்யலாம். ஆண்கள் தவறாத நாள் உண்டா? தன் வாழ்வைக் கட்டுப்படுத்தும் முடிவில் பங்குகொள்வது திறமைக்குக் கிடைக்கும் பரிசன்று. மனிதராயிருப்பதன் பொருளே அது.

வர்க்கப் போராட்டம் வென்றபின் இவையெல்லாம் தாமே சரியாகும் என்று நம்மிடையே சில தோழர்கள் கருதுவர். காணியுள்ளவரின் மனைவியும் அவரது வயலில் கூலிக்கு நிற்பவளும் ஒருவரல்லர். சுவரோரத்துப் பாயிலும் முன்னும் பின்னும் உண்டு என்பதை நாமும் அறிவோம். ஆனால் அக்கூலிப் பெண்ணின் குரல் எழாத ஓர் அமைப்பு எந்த வர்க்கத்தின் வெற்றியைக் கொண்டுவரும்? பாதித் தொழிலாளரை வாயடைத்து வைத்து முழுத் தொழிலாளரின் விடுதலையைப் பேசுவது தன்னைத் தானே ஏமாற்றும் செயலாகும்.

இறுதியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமச் சங்கங்கள் பலவற்றில் ஆசிரியர்களே செயலாளர்கள். மாணவர்களே கூட்டத்தை ஒழுங்கு செய்யும் தொண்டர்கள். கூட்ட நேரத்தைக் குறிப்பவர்களும் கதிரைகளை அடுக்குபவர்களும் நாமே. உலை வைக்கும் வேளையைத் தவிர்த்துக் கூட்டத்தைக் கூட்ட நம்மால் முடியும். தீர்மானத்துக்கு முன்னரே பெண்கள் தமக்குள் பேசி, தம் முடிவோடு வர வழி செய்ய முடியும். கை உயர்த்த அஞ்சுமிடத்தில் இரகசிய வாக்கெடுப்பு நடத்த முடியும். இவற்றுக்குச் சட்டமும் வேண்டாம், புரட்சியும் வேண்டாம்.

கூட்டறிக்கை எழுதும் பேனா பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை “ஏகமனதாக” என்று எழுதுமுன் தலையை நிமிர்த்திச் சுவரோரத்துப் பாயை ஒருமுறை பார்ப்போம். அங்கிருந்து ஒரு குரலேனும் எழாதவரை அச்சொல்லை எழுதாதிருப்போம்.