'நன்றாயிருந்தது' என்றோம்

கோடைக்கானலில் மலைவிளிம்பில் அமைந்த ஓர் உணவகத்தில் ஒரு நாள் இரவு உணவு அருந்தினோம். சன்னலுக்கு அப்பால் மூடுபனி மெல்ல விலக, சமவெளி ஊர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர்ந்தன. கண்ணுக்குக் கிடைத்த விருந்து நாவுக்குக் கிடைக்கவில்லை. சோறு அரை வேக்காடு, குழம்பு ஆறியிருந்தது, சப்பாத்தியைப் பிய்க்க இரு கைகளும் தேவைப்பட்டன. விலையோ மும்மடங்கு. "சாப்பாடு எப்படி இருந்தது ஐயா?" எனப் பரிமாறிய இளைஞர் ஆவலோடு கேட்டார். "நன்றாயிருந்தது தம்பி" என்றோம்.

படியிறங்கும்போதே மனம் உறுத்தியது. சிறு பொய்தானே என்று தள்ளிவிடலாமா? கி.பி. 395ஆம் ஆண்டளவில் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய புனித அகுஸ்தினார், நன்மை கருதிச் சொல்லும் பொய்யையும் ஏற்கவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தீங்கு செய்யும் பொய், வேடிக்கைப் பொய், உதவிக்கான பொய் எனத் தரம் பிரித்தார். பின்னவை இரண்டும் இலேசானவை என்றாரேயன்றி, குற்றமற்றவை என்றாரில்லை. நம் வள்ளுவரோ, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். அவர் தரும் சலுகையையே கைக்கொள்வோம். நமது பொய்யால் யாருக்கு நன்மை விளைந்தது?

இளைஞருக்கா? ஒரு கணப் புன்னகை; அவ்வளவே. நாளை வரும் குடும்பத்துக்கா? அவர்களுக்கும் அதே சோறுதான். உண்மையில் நாம் காப்பாற்றியது நம்மையே. முகம் கோணும் ஒரு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

இத்தனைக்கும் அது திருத்த முடியாத குறையன்று. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 பாகை செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பானையில் சோறு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். இல்லையேல் குக்கர் வேண்டும். அவசரமே அங்கே குற்றவாளி. கடிந்துகொள்ளத் தேவையில்லை, பக்குவமாய் ஒரு சொல் போதும்.

மறுநாள் காலை திரும்பிச் சென்று, மேலாளரைத் தனியே கண்டு சொன்னோம். பரிமாறியவர் மீது பழி விழாதபடி, அவருடைய பணிவைப் பாராட்டிய பின்னரே சோற்றின் குறையைக் கூறினோம். மேலாளரின் முகம் சற்றே வாடியது, ஆயினும் கேட்டுக்கொண்டார். வாசல்வரை உடன்வந்த இளைஞர் தாழ்ந்த குரலில், "நேத்தே சொல்லியிருக்கலாமே ஐயா! நாங்களும் அந்தச் சோத்தைத்தானே சாப்பிடுறோம்" என்றார்.

யாருடைய மனம் நோகுமென்று அஞ்சி உண்மையை மறைத்தோமோ, அவரே அவ்வுண்மைக்காகக் காத்திருந்தார். அன்பின் பெயரால் நாம் விழுங்கிவிடும் சொற்களுள் எத்தனை பிறருக்கு உரியவையோ! அடுத்த முறை 'நன்றாயிருந்தது' என நா எழும்போது, யாருக்காகச் சொல்கிறோம் என்று ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.