வேலிக்கு அடியில் ஓடும் நீர்

"என் வளவு, என் கிணறு, என் தண்ணீர்" என்பது நம்மவர் நாவில் இயல்பாகப் புழங்கும் பேச்சு. முதல் இரண்டையும் காணி உறுதி ஒப்புக்கொள்ளும். மூன்றாவதை மண் ஒப்புக்கொள்கிறதா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்த ஊர் ஆரையம்பதி. இங்கே சில அடி ஆழத்திலேயே நீர் தெரியும். வடகீழ்ப் பருவமழை மணலில் இறங்கி, பாரமான உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. ஆகவே மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்ப்பவன் கீழே உவர்நீருக்குப் பன்மடங்கு இடங்கொடுக்கிறான். அந்த இழப்பு அவன் வேலியோடு நிற்பதில்லை.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. அவற்றை மீட்க மக்களும் உதவிக்கு வந்தோரும் பம்பி வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். பின்னர் இக்கரையை ஆராய்ந்த நிலநீரியலாளர் கண்டதென்ன? இறைப்பு மிகையானபோது அடியிலிருந்த உவர்நீர் மேலேறியது. உப்பைக் கழுவியது பெரும்பாலும் மாரிமழையே. நல்லெண்ணக் குறைவால் நேர்ந்த கேடன்று இது. பொதுவான ஒன்றைத் தனித்தனியே காக்க முனைந்ததால் நேர்ந்தது.

மலக்குழியின் கதையும் இதுவே. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது நியாயமே. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளமும் வேண்டும், குளோரினும் வேண்டும். ஆனால் குளோரின் கிருமியைக் கொல்லுமேயன்றி, குழியிலிருந்தும் தோட்டத்து யூரியாவிலிருந்தும் கசியும் நைத்திரேற்றை நீக்காது. கொதிக்கவைத்தாலும் அது போகாது; அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சினால், அந்நீரில் கரைத்த புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

இதில் குற்றவாளி யார்? 10 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 52 அடிச் சதுரம். வீடு, கிணறு, மலசலகூடம் மூன்றும் அதற்குள் அடங்கவேண்டும். தன் கிணற்றிலிருந்து குழியை விலக்கினால் அது அயலவன் கிணற்றை நெருங்கும். இந்நிலையிலுள்ள உழைப்பாளிக்குத் தூய்மையைப் பற்றி உபதேசிப்பது எளிது, அறமன்று. வசதி படைத்தவனோ போத்தல் நீரை வாங்கித் தப்பிக்கொள்கிறான்.

1927இல் மகாட்டில் அம்பேத்கரின் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் பொதுக்குளத்து நீரைப் பருகியபோது, ஆதிக்க சாதியினர் அக்குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். மனிதன் கை பட்டால் நீர் கெடும் என்று நம்பிய சமூகம், தன் காலடியில் நீர் கெடுவதைக் காணாதிருந்ததில் வியப்பில்லை. நீரைப் பிரித்தாளக் கற்றோம். சேர்ந்து காக்கக் கற்கவில்லை.

அப்படியாயின் தனிமனிதனுக்குக் கடமையே இல்லையா? உண்டு, ஆனால் அது தன் வேலிக்குள் முடிவதன்று. அயலிலுள்ள ஐந்தாறு குடும்பங்கள் கூடித் தம் கிணறுகளையும் குழிகளையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கட்டும். நம் மாணவர் அதற்குத் துணை நிற்கலாம். கசியாத தொட்டிகளுக்கும் நீர்ப் பரிசோதனைக்கும் பிரதேச சபையிடம் கூட்டாகக் குரல் கொடுக்கட்டும். பம்பி உடையோர் கோடையில் இறைப்பை மட்டுப்படுத்தட்டும். கிணறு அவரவருடையதாகவே இருக்கட்டும். நீரைப் பற்றிய முடிவு ஊருடையதாக வேண்டும்.