யாருடைய தாமதம்?

பழைய வியூக விளையாட்டு ஒன்றை, எல்லா கிராபிக்ஸ் செட்டிங்கையும் உச்சத்தில் வைத்துக்கொண்டு, தடங்கலே இல்லாமல் ஓட்ட முடியுமா? இதை நாம் சொந்த விஷயமாகத்தான் நினைக்கிறோம். என் கணினி, என் காசு, என் கண். நிழலைக் கூட்டினால் என்ன, தண்ணீரின் அலையைக் குறைத்தால் என்ன, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அதில் ஒன்றும் இல்லை. தனியாக விளையாடும்வரை இது சரிதான். சில விளையாட்டுகளில் நாலு பேர் சேர்ந்தவுடன் அதே செட்டிங் பக்கம் ஓர் அறக்கேள்வியாகிவிடுகிறது. நான் சொல்ல வருவது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ பற்றி.

1999இல் வந்த விளையாட்டு. 2019 நவம்பரில் படங்களையெல்லாம் புதிதாக வரைந்து ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்று மறுபடி வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த கூடுதல் தொகுப்பில் ‘திராவிடர்’ என்றொரு தரப்பும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் சேர்ந்தன. பினாங்கில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சும்மா விடக்கூடிய செய்தியா? வானம் தெளிவாக இருக்கும் நாளில் தீவின் வடகரையில் நின்றால் கடலுக்கு அப்பால் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் சோழர் கப்பல்கள் வந்த கடாரம் அந்தப் பக்கம்தான். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், வேலைக்குப் போய்ச் சிதறிய பிறகு, மீண்டும் வெள்ளிக்கிழமை இரவுகளில் சேர ஆரம்பித்தது இந்த விளையாட்டால்தான்.

இப்போது பொறியாளன் பேசுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் பழைய விளையாட்டு ஏன் திணறுகிறது? 1999இல் வீட்டுக் கணினிகளில் ஒரே ஒரு கோர்தான். அந்தக் காலத்து அடித்தளத்தில் கட்டிய விளையாட்டு, தன் முக்கியமான கணக்குகளை இன்றும் பெரும்பாலும் ஒரே கோரில்தான் போடுகிறது. எட்டு பேர், ஆளுக்கு 200 வீரர்கள் என்றால் 1600 உருவங்கள். ஒவ்வொருவனும் மரத்தையும் மதிலையும் மற்றவனையும் சுற்றிக்கொண்டு போகிற வழியைக் கணினி கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களிடம் எட்டு கோர் இருந்தாலும், ஏழு பேர் கைகட்டி நிற்க ஒருவன் மண் வெட்டுகிற கதைதான். அதனால் விலை உயர்ந்த கிராபிக்ஸ் அட்டை வாங்கிப் போட்டவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். அட்டை அழகைத் தாங்கும். வழி கண்டுபிடிக்கும் கணக்கை அது தாங்காது. அதே நேரம், அட்டை பலவீனமாக இருந்து, இலவசமாகத் தரப்படும் உயர்தரப் படத்தொகுப்பையும் ஏற்றி, எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால், படம் வரைவதற்கே நேரம் போய்விடும். கணக்கும் பின்தங்கும்.

அறக்கேள்வி வருவது இதற்கு அடுத்த படியில். முதல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ 1997இல் வந்தபோது அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு சிக்கல். 28.8 கிலோபிட் மோடத்தில் இணைந்த எட்டு கணினிகள். ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று அனுப்பிக்கொண்டிருந்தால் சுமார் 250 உருவங்களுக்கு மேல் நகரவே முடியாது. அதனால் நிலவரத்தை அனுப்புவதை விட்டுவிட்டு, கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். ‘இந்த இருபது வில்லாளிகளும் அந்தக் கோட்டைக்குப் போகட்டும்’ என்ற ஒரு வரி எல்லாருக்கும் போகும். மீதியை ஒவ்வொரு கணினியும் தானே கணக்குப் போட்டு, எல்லாம் ஒரே விடைக்கு வர வேண்டும். இதற்கு லாக்ஸ்டெப் என்று பெயர். ஒரே கயிற்றில் கால்களைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

கயிறு கட்டியாகிவிட்டதால் யாரும் முன்னால் ஓட முடியாது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒவ்வொரு கணினியும் ‘நான் முடித்துவிட்டேன், எனக்கு இவ்வளவு நேரம் ஆனது’ என்று சொல்லும். அதைப் பார்த்து, மிக மெதுவான கணினிக்கு ஏற்ற மாதிரி எல்லாருடைய சுற்றின் நீளமும் மாற்றப்படும். 2019 பதிப்பிலும் இந்தக் கயிறு அவிழவில்லை. ஒருவருடைய கணினி திணறினால் எல்லாருடைய குதிரைகளும் சேற்றில் நடக்கும்.

இன்று பிரபலமாக இருக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் அப்படி இல்லை. அங்கே உலகம் ஏதோ ஒரு சர்வரில் தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உன் கணினி மெதுவென்றால் நீ மட்டும் பின்தங்குவாய், நீ மட்டும் சாவாய். மற்றவர்களுக்கு நீ மெதுவாக இருந்தாய் என்பதே தெரியாது. உன் பாடு.

நாம் வாழும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வகுப்புகள் இணையத்துக்குப் போயின. அந்த ஆண்டு சபாவில் ஒரு மாணவி, தேர்வு எழுத இணைய வசதி கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. தேர்வின் கடிகாரம் அவருக்காக நிற்கவில்லை. அவர்தான் கடிகாரத்துக்காக மரம் ஏறினார். அவர் காணொளி எடுத்ததால் நமக்குத் தெரிந்தது. எடுக்காதவர்கள் எத்தனை பேரோ. லாக்ஸ்டெப் பழைய தொழில்நுட்பம், எரிச்சலூட்டுவதும்கூட. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: நீ இல்லாமல் உலகம் நகராது. உன் குறை எல்லாருக்கும் தெரிந்தே ஆகும்.

தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை.

எங்கள் ஆட்டங்கள் ஒரு கட்டத்தில் நாற்பதாவது நிமிடத்திலிருந்து ஊர ஆரம்பித்தன. சந்தேகம் உடனே போய் விழுந்தது சுங்கைப் பட்டாணியில் ஆசிரியராக இருக்கும் நண்பன் மேல். அவனுடைய லேப்டாப் படிக்கிற காலத்தில் வாங்கியது. வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு என்று போனதில் அதை மாற்றவே இல்லை. எல்லாச் செட்டிங்கையும் அடிமட்டத்தில் வைத்துத்தான் விளையாடுவான். “மச்சா, என்னாலதான்னா நான் விலகிக்கிறேன், நீங்க விளையாடுங்க. எனக்கும் தாள் திருத்துற வேலை கெடக்கு” என்று அவனே சொன்னான். இரண்டு பேர் “பாவம்டா” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார்கள். கடாரத்திலேயே குடியிருப்பவனைக் கடாரம் வென்ற விளையாட்டிலிருந்து அனுப்பப் பார்க்கிறோமே என்று நான் கிண்டலாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருப்பவன். அளக்காமல் எதையும் முடிவு செய்யாதே என்றுதான் அங்கே சொல்லித் தருகிறார்கள். சேமித்து வைத்த ஓர் ஆட்டத்தை ஆளுக்கொரு முறை தனியாக ஓட்டி, ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறித்து அனுப்பச் சொன்னேன். ஆசிரியர் லேப்டாப் மெதுதான், ஆனால் தாக்குப்பிடித்தது. விழுந்தது ஜார்ஜ்டவுனில் இருக்கும் இன்னொருவனுடையது. நடுத்தரமான கணினி, 4கே திரை, உயர்தரப் படத்தொகுப்பு, எல்லாம் உச்சம்.

அவனைக் குற்றவாளியாக்குவது எளிது. அவன் சொன்னதையும் கேட்க வேண்டும். “இவ்ளோ அழகா வரைஞ்சு வச்சிருக்கான். வெறும் கட்டம் கட்டமா பாக்கிறதுக்கா நான் வாரம் பூரா காத்திருக்கேன்?” என்றான். அவன் மரத்தின் நிழலைப் பார்க்கிறவன். கோபுரம் இடிந்து விழும்போது செங்கல் உருளுவதைப் பெரிதாக்கிப் பார்க்கிறவன். விளையாட்டே தேவையில்லாத விஷயம்தான் என்றால், அதில் வேகம் முக்கியம், அழகு ஆடம்பரம் என்று எப்படிப் பிரிப்பது? அழகு வேண்டும் என்பது அற்ப ஆசை அல்ல. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. இல்லாததால் வரும் தாமதம் ஒன்று. விரும்புவதால் வரும் தாமதம் இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அது மில்லிசெகண்டை மட்டும் எண்ணும். வித்தியாசம் தெரிய வேண்டியது மனிதர்களுக்குத்தான். பழக்கத்தில் நாம் தலைகீழாகத்தான் செய்கிறோம். தாமதம் என்றதும் இல்லாதவனைப் பார்க்கிறோம். சாலை நெரிசல் என்றால் பழைய மோட்டார் சைக்கிளைத் திட்டுகிறோம். ஆளுக்கொரு கார் ஓட்டுவதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை.

2019 பதிப்பை உருவாக்கியவர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார்கள். தரவரிசை ஆட்டத்துக்கு வருகிறவர் முதலில் ஒரு சோதனையை ஓட்ட வேண்டும். 1000 புள்ளி வந்தால்தான் அனுமதி. வராவிட்டால் செட்டிங்கைக் குறைத்துவிட்டு மறுபடி முயலலாம். முகம் தெரியாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதி பற்றிய நூலில் ஒரு சிந்தனைச் சோதனை வைத்தார்: நீ ஏழையா பணக்காரனா, யாராகப் பிறக்கப்போகிறாய் என்று தெரியாத நிலையில் விதிகளைத் தேர்ந்தெடு. எனக்கு எந்தக் கணினி கிடைக்கப்போகிறது என்று தெரியாவிட்டால் எந்த விதியைக் கேட்பேன்? செட்டிங்கைக் குறைத்தால் உள்ளே விடும் விதியைக் கேட்பேன். எவ்வளவு குறைத்தும் 1000 தொடாதவனுக்கும் எங்காவது ஓர் இடம் வேண்டும் என்றும் கேட்பேன். அந்த இடத்தை எந்தச் சோதனை எண்ணும் தராது. நண்பர்கள்தான் தர முடியும்.

என் தொழில் இதற்கு எதிராகப் பேசும். பாயான் லெப்பாஸில் 1972 முதல் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. உற்பத்தி வரிசையில் மிக மெதுவான நிலையம்தான் மொத்த வரிசையின் வேகம். அதைக் கண்டுபிடி, சரி செய், முடியாவிட்டால் மாற்று. அங்கே இது சரி; இத்தனை மணிக்குள் இத்தனை பெட்டி கப்பலேற வேண்டும். வெள்ளிக்கிழமை இரவில் எதையும் கப்பலேற்ற வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் வேறொரு வரிசையும் உண்டு. தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் புறப்படும் தேர் தண்ணீர்மலை அடிவாரம் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டுகள், தேங்காய்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி மெல்ல நடந்து வந்தால் தேர் நிற்கும். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஆனால் வசதியான ஒருவர், தன் கடை வாசலில் புகைப்படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காகத் தேரை அரைமணி நேரம் நிறுத்தச் சொன்னால் கூட்டம் முணுமுணுக்கும். இரண்டும் தாமதம்தான். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரிகிறது.

அதனால் நான் வந்து சேர்ந்த வரிசை இது. சேர்ந்து ஆடும்போது, குறைக்க ஏதாவது மிச்சம் வைத்திருப்பவர் முதலில் குறைக்க வேண்டும். எல்லாரும் குறைத்த பிறகும் ஒருவர் பின்தங்கினால், மற்றவர்கள் ஆள் எண்ணிக்கையை 200இலிருந்து 100 ஆக்கலாம், சிறிய வரைபடத்தை எடுக்கலாம், அதுவும் போதாவிட்டால் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பு அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. சேர்ந்து ஆடுவது என்றாலே அதுதான். உச்சத்தில் வைத்துப் பார்க்கும் ஆசைக்குத் தனியாட்டம் இருக்கிறது. அங்கே செங்கல் உருளுவதை விடிய விடியப் பார்க்கலாம்.

இதில் எனக்குத் தீராத இடம் ஒன்று உண்டு. ஒருவரிடம் குறைக்க இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால்தான் தெரியும். ஆனால் இல்லாதவரிடம் “வேற ஏதாச்சும் குறைக்க முடியுமா?” என்று கேட்பதே ஒரு காயம். ஏற்கெனவே எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டுதான் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். ஜார்ஜ்டவுன்காரன் இதற்கு ஒரு வழி செய்தான், யாரும் சொல்லாமலே. இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் தன் செட்டிங் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் முதலில் போடுகிறான். அடுத்து நான் போடுகிறேன். ஆசிரியரை யாரும் கேட்பதில்லை.